பேண்டேஜ் துணியும் ஓரிரு இடங்களில் மழையும்

"தென் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று ரேடியோவில் சொன்னால் மற்றவர்களுக்கு எப்படியோ, நான் வாசலுக்கு ஓடி வானத்தைப் பார்ப்பேன். அந்த ஓரிரு இடம் எது என்று சொல்லித் தொலைக்க மாட்டார்கள். கோவில்பட்டியா, தென்காசியா, இல்லை நேராக எங்கள் களமா? பெய்தால் "அதான் சொன்னோமே" என்று அவர்கள் சொல்லிக்கொள்ளலாம். பெய்யாவிட்டால் வேறெங்கோ பெய்திருக்கும். அதிலும் அந்தப் "பெய்யக்கூடும்" இருக்கிறதே, கல்யாணத்துக்கு "வந்தாலும் வருவேன்" என்று சொல்லிவிடுகிற சித்தப்பா மாதிரி. இலை போடவும் முடியாது, போடாமல் இருக்கவும் முடியாது.

எனக்கு மழையிடம் இவ்வளவு பயம் வரக் காரணம் பேண்டேஜ் துணி. ராஜபாளையத்தில் என் மாமனாருக்குத் தறிக்கூடமும் அதையொட்டி ஒரு களமும் இருந்தன. தறியில் நெய்த துணியைத் தொட்டியில் போட்டு வெளுத்து, அலசி, களத்தில் மூங்கில் ஊன்றிக் கட்டிய கயிறுகளில் நீளநீளமாகப் போட்டுக் காயவைப்போம். வெயிலில் நின்று பார்த்தால் கண் கூசும். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி. மழையில் நனைந்தால் செம்மண் தெறித்துப் பாழாகும், மறுபடி தொட்டியில் போட வேண்டும். சரி, மழைக்குப் பயந்து ஈரத்தோடு சுருட்டி வைத்தாலோ, புழுங்கி நாறும், மஞ்சள் பூக்கும். ஆக, மழை வந்தாலும் கேடு, வரும் என்று நம்பினாலும் கேடு.

தொண்ணூறுகளின் தொடக்கம். அந்த வருஷம் கோடைக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில், மத்தியானம் திடீர்க் காற்று, இடி, பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்தால் கொட்டும்.

ஒரு நாள் காலையில் மாமனார் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு களத்துக்கு வந்தார். கான்சாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்.

"மாப்ள, சாயங்காலம் வந்துருவேன். லாரியும் அப்பத்தான் வரும். துணி மொறுமொறுன்னு காஞ்சு ஏறணும். இத ஒழுங்கா ஏத்தி விட்டுட்டீங்கன்னா, இனிமே களம் ஒங்க பொறுப்பு."

"இல்லைன்னா மாமா?"

மாமனார் தறிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் போதுமான பதில் அது. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தறிச் சத்தத்துக்குள்தான் கிடந்தேன். வீட்டில் மனைவி "காபி வேணுமா" என்று கேட்டால் "நூல் வந்துருச்சு" என்று பதில் சொல்லும் அளவுக்குக் காது போயிருந்தது. களம் என்றால் காற்று, வெளிச்சம், மூலையில் ஒரு ஆபீஸ் அறை, அதில் ஒரு போன். எனக்கு அது சொர்க்கம்.

அந்தப் போன்தான் வினை.

ரேடியோவை நம்பி ஏற்கெனவே பலமுறை சூடுபட்டதால் நானாக ஒரு வானிலை நிலையம் வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்னோடு கல்லூரியில் படித்த பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். கடை மாடியில் ஏறினால் செண்பகத்தோப்பு மலை தெரியும். மலையில் கருத்தால் எனக்குப் போனில் சொல்லுவார். நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு குறை, அது குடைக்கடை. குடை விற்கிறவரிடம் போய் மழை வருமா என்று கேட்ட அறிவாளி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

அன்றைக்குத் துணியெல்லாம் கயிற்றில் ஏறிய பிறகு மனசு கேட்காமல் போன் போட்டேன்.

"மாப்ள, மலைப் பக்கம் கருப்பா நிக்குது," என்றார் பாய்.

"எம்புட்டுக் கருப்பு?"

"எங்க கடைக் குடை கணக்கா."

அவ்வளவுதான். ரிசீவரைக் கையில் பிடித்தபடியே ஜன்னல் வழியாகக் களத்தைப் பார்த்துக் கத்தினேன். "சுருட்டுங்க! சுருட்டுங்க! மழை வந்துருச்சு! எல்லாத்தையும் சுருட்டுங்க!"

களத்தில் வேலை பார்த்த பெண்களுக்கு மூத்தவராக ஓர் அக்கா உண்டு. என்னைவிடப் பெரியவர், என்னைவிட வாய் பெரியவர். அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏட்டி, எடுங்கட்டி. சின்ன மொதலாளிக்கு மட்டும் தனியா பெய்யிதாம்," என்றார். ஓடி ஓடிச் சுருட்டிக் கொட்டகைக்குள் போட்டோம். கடைசிச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். கால் தடுக்கி அதன் மேலேயே விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வெயில் பல்லைக் காட்டுகிறது. மேகம் என்று ஒரு பஞ்சுப் பொட்டு கிடையாது.

எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

"தம்பி, மழை விட்டுருச்சு போல," என்றார் அக்கா.

"மறுபடி காயப் போடுங்க," என்றேன், மழை விட்ட மாதிரியே.

அவரும் ஒன்றும் யோக்கியமில்லை. "என் முட்டி வலிச்சா மழை நிச்சயம், இன்னைக்கு வலிக்கல," என்று சொல்லிக்கொண்டே கயிற்றில் போட்டவர், பாதியில் முட்டியைத் தடவிக்கொண்டு, "லேசா வலிக்கித மாதிரியும் இருக்கு," என்றார். நான் திரும்ப வானத்தை அண்ணாந்து பார்த்தேன்.

மத்தியானம் தாண்டி மலைப் பக்கமிருந்து நிஜமாகவே ஒரு மேகம் எட்டிப் பார்த்தது. துணி முக்கால்வாசி காய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வெயிலோ காற்றோ கிடைத்தால் போதும். மேகம் வருகிறதா, நிற்கிறதா, போகிறதா என்று ஆபீஸ் வாசலில் நின்று கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிற மாதிரியும் இருந்தது, போகிற மாதிரியும் இருந்தது. அந்த நேரத்தில் களத்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமனார் குதித்து இறங்கினார். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார். கையில் புத்தம் புதுக் குடை, உறைகூடப் பிரிக்கவில்லை.

"சுருட்டுங்க! என்ன பாத்துக்கிட்டு நிக்கீங்க மாப்ள? சுருட்டச் சொல்லுங்க!"

"மாமா, கல்யாணம்..."

"சாப்பிட்ட கையோட ஓடி வாரேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் மாறுறேன், ராஜபாளையத்துல பேய்மழைன்னு ஊரே பேசுது."

"யாரு மாமா சொன்னா?"

"பஸ் ஸ்டாண்டு குடைக்கடை பாய்தான். இங்கன உள்ள யாரோ ஒரு ஆளு போன்லயே கதறுனானாம்ல, சுருட்டுங்க சுருட்டுங்கன்னு. பாவம், அவன் துணியெல்லாம் போயிருக்கும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூங்கிலுக்குப் பின்னால் போய் இருமினார். அப்படி ஓர் இருமலை நான் அதுவரை கேட்டதில்லை. காலையில் நான் போனில் கத்தி அனுப்பிய மழை, ஸ்ரீவில்லிபுத்தூரில் குடை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி, ஆட்டோ பிடித்து எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த ஆள் யாரென்று நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அப்படியே தறிக்கூடம்தான்.

ஆனால் குழப்பம் அதில்லை. மாமனார் கொண்டு வந்த மழை பொய் என்று எனக்குத் தெரியும். தலைக்கு மேல் நிற்கிற மேகம் நிஜம். பொய் மழையை நம்பாமல் இருக்கப்போய் நிஜ மழையில் மாட்டிக்கொண்டால்? இன்னொரு தடவை சுருட்டினால் சாயங்காலத்துக்குள் காயாது. சுருட்டாவிட்டால் மொத்தமும் செம்மண். எனக்கே தெரியாமல் என் வாய், "வராது மாமா," என்றது.

"வரும்."

"வராது."

மாமனாரை எதிர்த்து நான் பேசிய முதல் வார்த்தை அது. அவருக்கும் திக்கென்று இருந்திருக்க வேண்டும். வானத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். கடைசியில், "சரி, மலைப் பக்கத்துப் பாதிய எடுப்போம். ரோட்டுப் பக்கத்துப் பாதி கிடக்கட்டும்," என்றார். பயத்துக்குப் பாதி, தைரியத்துக்குப் பாதி.

பாதியை எடுத்து முடிக்கவும் இடி இடித்தது. புழுதிக் காற்று. பெரிய பெரிய சொட்டாக என் மூக்கில் ஒன்று, மாமனாரின் வழுக்கையில் ஒன்று. அவர் குடையை விரித்தார். எனக்கு உயிர் கயிற்றில் தொங்கியது. மழை வந்தது, ரோட்டுக்கு அந்தப் பக்கம். எதிரே இருந்த டீக்கடைக் கூரையில் சடசடவென்று கொட்டியது. ரோட்டில் பாதி நனைந்தது, பாதி காய்ந்து கிடந்தது. டீக்கடைக்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நாங்கள் வெயிலில் நின்று பார்த்தோம். "ஓரிரு இடங்களில் ஓரிடம் அந்தா இருக்கு தம்பி," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அடித்த காற்றில் கயிற்றில் கிடந்த பாதி கலகலவென்று காய்ந்தது. சுருட்டிய பாதி கொட்டகைக்குள் புழுங்கி, தொட்டால் சில்லென்று இருந்தது. லாரி வந்தது. பாதிதான் ஏறியது. ஏறிய பாதி நான் விடச் சொன்ன பாதி. ஏறாத பாதி அவர் எடுக்கச் சொன்ன பாதி. இதை அவரும் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார் போல, என்னைத் திட்ட வாயெடுத்து இரண்டு முறை மூடிக்கொண்டார்.

அப்புறம் மதுரையில் இருந்த வியாபாரிக்குப் போன் போட்டார். "பாதி ஏத்தியாச்சு. மீதி நாளைக்கு..." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். மாமனார் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். பிறகு ரிசீவரை என் கையில் திணித்தார்.

"நாளைக்கு மழை வருமா வராதான்னு கேக்காக. களத்துப் பொறுப்பு இனிமே நீங்கதான, நீங்களே சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

"மழையெல்லாம் வராதுங்க," என்றேன் கம்பீரமாக. மறு கையால் மாமனார் விட்டுப் போன குடையை இறுகப் பிடித்திருந்தேன்.