கடல் தண்ணீரில் முழுகிய முட்டை

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டே பேர். நான் தலைமையாசிரியை. இன்னொருவர் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் டீச்சர். மத்தியான முதல் பீரியடில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பாடத்தில் இருப்பதைப் பிள்ளைகளையே செய்து பார்க்க வைப்பார். ஒரே கூச்சலாக இருக்கும். கடலூரிலிருந்து வந்த கல்வி அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு கிளாஸ் பாக்குறேன். சரியில்லன்னா நிறுத்திடுங்க மேடம்" என்றார்.

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்பது அன்றைய பாடம். ஐந்தாம் வகுப்பு முழுக்க மீனவர் வீட்டுப் பிள்ளைகள். "கடலே இருக்கும்போது உப்ப எதுக்கு டீச்சர் கரைக்கணும்?" என்று கேட்டு, கேனில் கடல் தண்ணீரையே பிடித்து வந்துவிட்டார்கள். நியாயம்தானே என்று எனக்கும் பட்டது.

அதிகாரி முன்னால் டீச்சர் முட்டையை விட்டார். அது நேராக அடியில் போய் உட்கார்ந்தது. அடிப்பாவி, ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு வரக்கூடாதா! அந்த மகராசியோ கொஞ்சமும் அசரவில்லை. "மிதக்கும்னுதான் நானும் நெனச்சேன். ஏன் முழுகுச்சுன்னு எனக்குத் தெரியல. என்ன பண்ணலாம்?" என்று பிள்ளைகளிடமே கேட்டார். அதிகாரியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல என்ன தைரியம் வேண்டும்!

பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. வேறு முட்டையைப் போட்டார்கள், அதுவும் முழுகியது. கடைசியில் ஒரு பெண், "கடல்லயே உப்பு பத்தலையோ என்னமோ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பாட்டுக்குச் சத்துணவுக்கூடத்திலிருந்து கல்லுப்பு வாங்கி வந்து பிடிபிடியாகப் போட்டுக் கலக்கினாள். முட்டை லேசாக அசைந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. "அது ஏன்னா..." என்று எழுந்தார்.

"சார், சார், சொல்லிடாதீங்க! நாங்களே கண்டுபிடிச்சிடுவோம்" என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கையமர்த்தினாள் அந்தப் பெண். ஐயோ, போச்சுடா என்று நினைத்தேன். மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முட்டை மேலே வந்து மிதக்கிற வரைக்கும் கழுத்தை நீட்டி நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "அந்த பீரியட நிறுத்த வேணாம் மேடம். காலையிலேயே வெச்சிடுங்க. மத்தியானத்துல எனக்கு மீட்டிங் இருக்கும், வர முடியாது."