வளைகாப்புக்குக் காத்திருந்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வயதும் ஆகிவிட்டது, முன்னது பின்னது மறந்துபோகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கடைசி மகளைப் பேரையூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்து வந்திருக்க வேண்டும். அந்தச் சமயம் அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு என்று தள்ளிப்போனது. எட்டாம் மாதம் வளைகாப்புப் போடும் வழக்கமில்லை, ஒன்பதில் பார்க்கலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். சடங்கு செய்யாமல் கூட்டிவந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மகள் போனில் சொல்லத்தான் செய்தாள். மருமகன் வெளியூரில் வேலையாக இருந்தார். அதே வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் தினமும் குடித்துவிட்டு வந்து கதவை உதைக்கிறார், தட்டைத் தூக்கி எறிகிறார், பைக் சத்தம் கேட்டாலே வயிறு கல்லாக இறுகுகிறது என்றாள்.

"ஒன்னைய அடிக்கலேல்ல? கொஞ்சம் அனுசரிச்சுப் போ தாயி" என்றேன்.

எட்டாம் மாதம் பார்க்கப் போனபோது அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. நானும் சம்பந்தியம்மாவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பிரஷர் நிறைய இருந்தது.

"ஊறுகா, கருவாடு திங்கிறியா?" என்று நர்ஸம்மா அதட்டினார்.

"உப்பே போடுறதில்லைங்க. அவளுக்காக நாங்களும் சப்புன்னுதான் திங்கிறோம்" என்றார் சம்பந்தியம்மா. அது நிஜம்தான்.

நர்ஸம்மா எங்களை வெளியே அனுப்பிவிட்டு மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வெகுநேரம் கழித்து மறுபடி பார்த்தபோது கொஞ்சம் இறங்கியிருந்தது. என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"இம்புட்டு நேரம் அழுதுட்டு இப்பத்தான் கண்ணசந்துச்சு. வீட்டுல தூக்கமே இல்லையாம்ல? மாத்திரை தாரேன். ஆனா பயந்துக்கிட்டே கெடந்தா மாத்திரை மட்டும் என்ன செய்யும்? நிம்மதியாப் படுக்க இந்தப் பிள்ளைக்கு ஒரு எடம் இருக்காம்மா?"

எழுந்து வெளியே வந்தேன்.

சம்பந்தி வீட்டாரிடம் நான் நிமிர்ந்து பேசியதே கிடையாது. அன்று நாக்குக் குழற, "மதினி, இன்னைக்கே பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"வளைகாப்பு இல்லாமயா? எங்க வீட்டுல என்ன புலியவா கட்டிப் போட்டிருக்கோம்?"

நான் மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டேன். சம்பந்தியம்மாவே தலையைக் குனிந்துகொண்டு, "அவன் வந்தா நானும்தான் அடுப்படியில போயி ஒளிஞ்சுக்கிறேன். நான் எங்கிட்டுப் போக?" என்றார்.

திருமங்கலத்தில் பஸ் மாறி வண்டியூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இரண்டு நாள் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். ஆனாலும் பிரஷர் முழுசாக இறங்கவில்லை. குறை மாதத்திலேயே குழந்தை பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு உயிரும் தப்பியது. மகள் இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். ஏழிலேயே கூட்டி வந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் எழுதியதில் நாள் கணக்குத் தப்பியிருக்கலாம். அனுசரித்துப் போ என்று ஒரு தடவைதான் சொன்னேனா, பல தடவை சொன்னேனா என்பதும் நினைவில்லை. நான் கேட்டால் "விடும்மா" என்கிறாள். வேறு யாராவது அவளிடம் கேட்டு, இதைச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள்.