கடைசி வீட்டிலிருந்து கூப்பிடுங்க

எங்கள் குடியிருப்பில் இருபத்து நான்கு வீடுகள். மன்னார்குடிக்கு வெளியே, வாய்க்கால் கரையை ஒட்டி, மதகு திறந்து மூடுகிற லஸ்கர்களுக்காக அரசாங்கம் கட்டிக் கொடுத்தவை. அப்பா லஸ்கராக இருந்தார். நான் பிளஸ் டூ படிக்கும்போது இறந்துபோனார். அதற்குப் பிறகும் அம்மா மாதம் தவறாமல் வாடகை கட்டி அதே வீட்டில் இருந்தாள். துறையும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தது. பதிவேட்டில் மட்டும் வீடு அப்பாவின் பெயரிலேயே கிடந்தது. பெயரை மாற்றித் தரும்படி நான் எழுதிய மனு எதற்கும் பதில் வரவில்லை.

அந்த வீடுகளை விற்கப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்தபோது முதல் கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்துவிட்டிருந்தது. அறிவிப்பைத் துறை அலுவலகத்துக்கு உள்ளே, ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே இருந்த பலகையில் ஒட்டியிருந்தார்கள். பொதுமக்கள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்று பதிவாகியிருந்தது. தெரிந்திருந்தால்தானே போயிருப்போம்.

இரண்டாவது கூட்டத்துக்கு நான் போனேன். அப்போது இ-சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் பாதிப் பேருக்கு மனு டைப் அடித்துக் கொடுப்பவன் நான்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது. அறிவிப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் காட்டினேன்.

"பொதுக் கூட்டம்னு போட்டிருக்குங்க."

"பொதுக் கூட்டம்தான். பொதுமக்களுக்கு அனுமதி இல்ல."

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நானும் சிரிக்கவில்லை. திரும்பி சைக்கிளை எடுக்கும்போதுதான் அவர் சொன்னது உறைத்தது.

அந்தக் கூட்டம் முடிந்த மறுவாரம் பட்டியல் வந்தது. யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவர்களுக்கே விற்பார்கள். மற்றவர்கள் காலி செய்ய வேண்டும். புருஷனை இழந்த பெண்கள் இருந்த ஐந்து வீடுகள் அதில் இல்லை. எங்கள் வீடு இருபத்து நான்காம் நம்பர். பட்டியல் நடுநடுவே நம்பர் விட்டு, இருபத்து மூன்றோடு முடிந்திருந்தது. பெயர் இருப்பவர்கள் மட்டும் மூன்றாவது கூட்டத்துக்கு வந்து, ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அம்மா எனக்குத் தெரியாமல் திருவிடைமருதூரில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டு, மாடி ரூமில் இடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறாள். சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் தண்ணீர் டேங்க் அடியில் கூடினார்கள். நான் நான்கு பக்கத்துக்கு ஒரு மனு தயாரித்து வைத்திருந்தேன். பட்டியலில் இருப்பவர்கள் முதலில் போய்க் கையெழுத்துப் போட்டுவிடட்டும், ஐந்து வீடுகளுக்கும் நாம் தனியாக முறையிடலாம் என்பது என் யோசனை. சட்டப்படி அதுதான் சரி என்று நினைத்தேன். ஒருவருக்கும் நஷ்டம் வராத வழி என்றும் நினைத்தேன்.

ஒன்றாம் நம்பர் வீட்டு அத்தைதான் முதலில் பேசினார். அவர் புருஷனை அம்மா அண்ணே என்று கூப்பிடுவாள், அதனால் எனக்கு மாமா. இன்னும் சர்வீஸில் இருக்கிற லஸ்கர்.

"தம்பி, நீ சொல்றது தலைமடைய மொதல்ல தூக்குற வேலை. எங்க கையெழுத்தெல்லாம் ஆயிட்டா இந்த அஞ்சு வீட்ட யாரு திரும்பிப் பாப்பா?"

வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில் ஒரு பழக்கம் உண்டு. தலைமடை வயலுக்குத் தண்ணீர் வாசலிலேயே ஓடும். அதனாலேயே அதற்குக் கடைசி முறை. வழியில் இருக்கிற மதகுகளையெல்லாம் இறக்கிவிட்டு, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அங்கிருந்து போன் வந்த பிறகுதான் கீழேயிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். லஸ்கர் மகனாகப் பிறந்து, சோற்றோடு சேர்த்துத் தின்று வளர்ந்த விஷயம் இது. என் நான்கு பக்கத்தில் அது ஒரு வரிகூட இல்லை.

மாமா தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். "கூப்பிட்டா யாரும் உள்ள போக வேணாம். கடைசி வீட்டுலேருந்து கூப்பிடச் சொல்லுவோம். அவ்ளோதான்."

"ஊர்ல உள்ள ஷட்டரெல்லாம் தூக்கி இறக்குற மனுசன், வீட்டுக் கொழாய மூடத் தெரியாது. இன்னைக்குத்தான் உருப்படியா ஒன்னு பேசியிருக்காரு" என்றார் அத்தை. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, உங்களுக்கு வேலை இருக்கு. எங்களுக்காக எதுக்கு?"

"உனக்காகன்னு யாரு சொன்னா? முறைன்னா முறைதான் தங்கச்சி."

கூட்டத்தன்று காலை பத்து மணிக்கு அலுவலக வராண்டாவில் இருபத்து நான்கு வீட்டுக்காரர்களும் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருந்த செயற்பொறியாளர் திருச்சியிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி. உதவியாளர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "ஒன்னாம் நம்பர்" என்றார்.

மாமா நகரவில்லை. "கடைசி வீட்டுலேருந்து கூப்பிடுங்க சார்."

"எந்த வீட்டுலேருந்து கூப்பிட்டா என்னய்யா? சரி. இருபத்து மூணு."

இருபத்து மூன்றாம் நம்பர்க்காரர் மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார். அந்த வீடு உறுதியானால்தான் மாப்பிள்ளை வீட்டில் அவருக்கு முகம். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னார், "எனக்கு அடுத்தாப்புல ஒரு வீடு இருக்கு சார்."

"பட்டியல்ல இல்லியே."

"வீடு இருக்கு சார். வேணும்னா வந்து பாருங்க."

கதவு சாத்தப்பட்டது. அரைமணி கழித்துத் திறந்து இரண்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். பிறகு பத்தாம் நம்பரை. இன்றைக்கு உள்ளே வராதவர்கள் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்வோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அந்த வார்த்தைக்கு வராண்டாவில் ஒரு சலசலப்பு வந்தது. நான் மாமாவைத்தான் பார்த்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மழைக்கு முன்னால் ஆற்று மட்டத்தைப் பார்க்கிறவர் மாதிரி நின்றார். கூட்டத்தில் ஒருவரும் கோஷம் போடவில்லை. ஒருவரும் உள்ளேயும் போகவில்லை.

கடைசியில் செயற்பொறியாளரே வெளியே வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். மாமாவிடம் தணிந்த குரலில் கேட்டார், "நீங்க சர்வீஸ்ல இருக்கீங்கதானே? மெமோ வரும்னு தெரியும்ல?"

"தெரியும் மேடம். எங்க வாய்க்கால்ல கடைமடைக்குப் போய்ச் சேராம நாங்க தலைமடையத் தொறக்கறதில்ல. மேடத்துக்குத் தெரியாததா?"

அவரும் பாசனப் பிரிவில் வேலை பார்த்தவர்தான் போலிருக்கிறது. உள்ளே போய் யாருக்கோ போன் பேசினார். எனக்கு அது ஒரு யுகமாக இருந்தது. பிறகு கதவு அகலமாகத் திறந்தது. உதவியாளர் ஒரு வெள்ளைத் தாளில் புதிதாகக் கோடு போட்டுக்கொண்டே, "இருபத்து நாலு" என்றார்.

அம்மாவுக்கு வாடகை ரசீதுகளைக் கையில் கொடுத்தேன். என் மனுவையும் நீட்டினேன். ரசீதுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். என்னை உள்ளே விடவில்லை. பேச வேண்டியதையெல்லாம் நான்தான் பேசப்போகிறேன் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் வெளியே நிற்க, போகாதவள் உள்ளே பேசிக்கொண்டிருந்தாள்.

கால்மணி நேரத்தில் வந்துவிட்டாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"வசிக்கிறவங்கன்னு எழுதிக்கிட்டாங்க. பேரு கேட்டாங்க, என் பேரச் சொன்னேன். ரசீதப் பூராவும் படம் எடுத்துக்கிட்டாங்க. மேலிடத்துக்கு அனுப்புவாங்களாம்."

மேலிடம் என்ன செய்யும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஐந்து வீடுகளையும் சேர்த்துக்கொண்ட உத்தரவு வர ஏழு மாதம் ஆனது. மாமாவுக்கு மெமோ அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. அதற்குப் பதிலை நான்தான் டைப் அடித்தேன். அவர் சொல்லச் சொல்ல, ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல்.

கூட்டத்தன்று அம்மா வெளியே வந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. இருபத்து மூன்றாம் நம்பர்க்காரர் உள்ளே போயிருந்தார். அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. "வாம்மா, வீட்டுக்குப் போவோம், நம்ம வேலை முடிஞ்சிருச்சு" என்றேன்.

அவள் முந்தானையால் படியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒன்னாம் நம்பர் இன்னும் போகலியேடா" என்றாள்.