வெளிச்சத்துக்குப் பின்னால் வந்த சத்தம்

எங்கள் ஊர் திருச்சுழிக்குப் பக்கம். பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தே அம்மா என்னை இயற்பியல் பட்டதாரியாக்கினார்.

போன மாதம் ஒருநாள், இருட்டும் நேரத்தில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஊரே பச்சை வெளிச்சமானது. பெரிய தீப்பந்து ஒன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு கிழக்கே போனது. பக்கத்து வீட்டு மாரியக்கா, "ஆத்தாடி!" என்று குடத்தைக் கீழே போட்டுவிட்டார். "எரிகல்தான்க்கா, பயப்படாதீக" என்று பெருமையாக விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன்.

சற்று நேரத்தில் கதவுகள் அதிர, கிழக்கிலிருந்து பெரிய வெடிச்சத்தம் வந்தது. அந்தத் திசையில்தான் ஆலை. அம்மா இன்னும் வீடு திரும்பவில்லை.

"ஐயோ, ஆலைடி!" என்றார் அக்கா.

எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் வேறெதுவும் நினைக்கத் தோன்றாது. ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். நான் அழுதுகொண்டே ரோட்டில் ஓடினேன். எதிரே வந்த வேனைக்கூடக் கவனிக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் அது கிறீச்சிட்டு நின்றது. ஆலை வேன்தான். உள்ளேயிருந்து அம்மா குதித்து இறங்கினார்.

"ஏ கழுத, சாகுறதுக்கா ஓடியாந்த? வானத்துல என்னமோ வெடிச்சதுக்கு நீ வண்டியில விழுவியா?"

திட்டிக்கொண்டே என்னைக் கட்டிக்கொண்டார். 

ஒளி முந்தும், ஒலி பிந்தும் என்று எத்தனை பரீட்சையில் எழுதியிருப்பேன்! அப்போது ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.

இப்போது ஆலை வாட்ச்மேன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். கல்குவாரியில் வெடி வைத்தாலும் முதலில் அவருக்குத்தான் போன் போடுகிறேன். "உங்கம்மா நல்லாத்தான் இருக்கு தாயி" என்று அவர் சொல்லும்வரை வாசலை விட்டு இறங்குவதில்லை.