குடும்பத்தோடு பார்க்கலாம்

போன சனிக்கிழமை. இங்கே கனடாவில், ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு தமிழ்க் கடை. முருங்கைக்காயும் கறித்தூளும் கையில் வைத்துக்கொண்டு காசு வாங்கும் பெண்ணின் முன்னால் லைனில் நிற்கிறேன். காரை அரைகுறையாக பார்க் பண்ணிவிட்டு வந்த அவசரம். பின்னாலிருந்து யாரோ தோளில் தட்டினார்கள்.

"நீங்கள்தானே பேப்பரில எழுதுறது? மேல உங்கட படம் போட்டு வாறது?"

எழுதுகிறவளுக்கு இதைவிட இனிப்பான கேள்வி உண்டா? பல்லெல்லாம் தெரியத் திரும்பினேன். அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. குளிர்கோட்டுக்குள் சேலை, காலில் ஸ்னோ பூட்ஸ். அவர் சிரிக்கவில்லை.

"நீங்கள் எழுதினதை நம்பித்தான் நான் அந்தப் படத்துக்குப் போனனான்."

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று கிழமைக்கு முன் ஒரு பிரெஞ்சுப் படத்தைப் பற்றி எழுதியிருந்தேன். துறைமுகப் பட்டணம் ஒன்றில் ஒருத்தி பஸ் ஓட்டுகிறாள். இன்னொருத்தி புருஷனோடு சேர்ந்து ஒரு சின்ன இசைக்குழுவில் பாடுகிறாள். புருஷன் நல்லவன். அவனை அவளுக்குப் பிடிக்கும். பஸ் ஓட்டுகிறவளையும் பிடித்துப்போகிறது. அழுது, சண்டை பிடித்து, கடைசியில் பாடகி பஸ்காரியோடு பேக்கரிக்கு மேலே ஒரு வீட்டில் குடியேறுகிறாள்.

அவர்கள் காதலர்கள். படத்தில் இதில் ஒளிவுமறைவே இல்லை. முத்தம் உண்டு, கட்டில் உண்டு.

நான் எழுதியது என்ன தெரியுமா? 'இரு தோழிகளின் நட்பைச் சொல்லும் அருமையான படம். இசை பிரமாதம். குடும்பத்தோடு பார்க்கலாம்.'

ஆசிரியர் வெட்டினாரா? பாவம் அந்த மனிதர், ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் வெட்டுமுன் நானே வெட்டினேன். கோயிலில் யாராவது பிடித்துக் கேட்டால்? மகளின் டான்ஸ் ரீச்சர் வாசித்தால்? இப்படி வராத ஆட்களுக்கெல்லாம் பயந்து எழுதிய வரி அது. எழுதி முடித்ததும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாவைப் பக்கத்து டோனட் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திட்டுவதென்றால் கடைக்குள் நின்று திட்டாமல் தனியாக இருந்து திட்டட்டும் என்ற சுயநலம்தான். பெயர் வேண்டாம்... மலர் அக்கா என்று வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. பிக்கரிங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். மகள் சுதாவுக்கு முப்பத்தொரு வயது, நகர நடுவே டவுன்ரவுணில் ஓர் ஆஸ்பத்திரி லாப்பில் வேலை. ஐந்து வருஷமாக மரியா என்ற போர்த்துக்கீசப் பெண்ணோடு ஒரே அப்பார்ட்மென்றில் இருக்கிறாள். மலர் அக்கா அந்த வீட்டுக்கு ஒருமுறையும் போனதில்லை.

"விட்பியில மச்சாள் இருக்கிறா, என்ர மனுசன்ர தங்கச்சி. ஒவ்வொருக்காலும் கேப்பா, உன்ர மோள் ஏன் உப்பிடி ஆரோ ஒருத்தியோட இருக்கிறாள், கலியாணம் பேசினாலும் வேண்டாமெண்டுறாள் எண்டு. எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. அப்பத்தான் உங்கட எழுத்தைக் கண்டனான். ரெண்டு சிநேகிதியள், ஒரு வீடு... வெட்டி எடுத்துக்கொண்டு போய் மச்சாளுக்குக் காட்டினனான். பார், பிரான்ஸில உதைப் படமாவே எடுத்திருக்கிறாங்கள், உதில என்ன பிழை எண்டு கேட்டனான்."

"பிறகு?"

"பிறகென்ன, அப்ப போய்ப் பாப்பமெண்டு அவ வெளிக்கிட்டா."

எனக்கு மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒரு மத்தியானம் இரண்டு பேரும் ரெயின் எடுத்து வந்திருக்கிறார்கள். வடை சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சப்ரைட்டில் வாசிக்க மச்சாளுக்கு இங்கிலீஷ் தெரியுமாம், அக்காவுக்கு அவர்தான் மொழிபெயர்ப்பு.

"முதல் அரை மணித்தியாலம் நல்லாத்தான் போச்சுது. அந்தப் பிள்ளை அவ்வளவு பெரிய பஸ்ஸை வளைக்கிறதைப் பாத்திட்டு மச்சாளும் கெட்டிக்காரி எண்டு சொன்னவ. பிறகு..." அக்கா கோப்பையின் மூடியைத் திறந்தார், மூடினார். "பிறகு உமக்குத் தெரியும்தானே."

'நீங்கள்' 'நீர்' ஆகிவிட்டது. கோபமா, உரிமையா என்று எனக்கு விளங்கவில்லை.

"மச்சாள் எழும்பீற்றா. உது கூடாத படம், வா போவமெண்டு கையைப் பிடிச்சு இழுக்கிறா. நான் எழும்பேல்லை."

"ஏன் அக்கா?"

"அந்தப் பிள்ளையைச் சாக்காட்டப் போறாங்களோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

நான் என் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"எங்கட படமெண்டால் உப்பிடிப் பிள்ளையளை விட்டு வைக்க மாட்டாங்கள் எல்லே? கடலைக் காட்டேக்கை எல்லாம் எனக்கு நெஞ்சு பதறினது. பஸ் மோதப்போகுதோ எண்டு பதறினது. மச்சாள் மொழிபெயர்க்கிறதையும் விட்டிட்டா. ஆனா எனக்கு ஒண்டும் மொழிபெயர்க்கத் தேவைப்படேல்லை. அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளையின்ர கோட்டுக்குப் பொத்தான் பூட்டிவிடேக்கை... சுதா ஒருக்கால் வீட்டை வந்து திரும்பிப் போகேக்கை உவள் மரியா கீழ காருக்குப் பக்கத்தில நிண்டு அதைத்தான் செய்தவள். நான் யன்னலால கண்டனான். அஞ்சு வருஷம் எனக்கு விளங்கேல்லை, தங்கச்சி. அண்டைக்கு விளங்கிச்சுது."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. விஷயத்துக்கு வந்தார்.

நாளைக்கு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வீட்டில் பேரனுக்குப் பேர்த்டே பார்ட்டி. சனமெல்லாம் வரும். ரெயினில் ஒரு சொல்லும் பேசாமல் வந்த மச்சாள் அங்கே பேசாமல் இருப்பாரா? அதற்கு முதல் அக்கா மகளிடம் போய்விட வேண்டும். "ஊர் சொல்லித்தான் அம்மா அறிஞ்சவ எண்டு அவள் நினைக்கக் கூடாது." ஆனால் போய் என்ன சொல்வது? லண்டன் மாப்பிள்ளை ஒன்று பேசப்போய் இருவருக்கும் சண்டை. நாலு மாசமாக ஃபோனில் 'சாப்பிட்டியா, ஓம் சாப்பிட்டன்' அளவில்தான் உறவு.

"எனக்கு வாய் வராது. அவளோட பக்கத்தில இருந்து ஒரு படம் பாத்தால், நான் எழும்பாமல் இருக்கிறதைப் பாத்து அவள் விளங்கிக்கொள்ளுவாள். அந்தப் படத்தைத் தியேட்டரில எடுத்திட்டாங்கள். நீர்தானே எழுதினனீர், நீர்தான் வேற ஒண்டு கொண்டுவந்து தரவேணும். வீடியோ கசெற் எண்டாலும் சரி. ஒண்டு மட்டும்... அதில அந்தப் பிள்ளையள் சாகக் கூடாது."

இதென்ன பெரிய விஷயம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

கனடாவுக்கு வருமுன் ஏழு வருஷம் பாரிஸில் இருந்தவள் நான். சின்னத் தியேட்டர்களிலும் ரிவியிலும் இந்த வகைப் படங்கள் எத்தனையோ பார்த்தவள். வீட்டுக்கு வந்து ஒரு பேப்பரை எடுத்து எழுதத் தொடங்கினேன். ஒரு படத்தில் ஒருத்தி ஆற்றில் விழுகிறாள். அடித்தேன். ஒன்றில் இருமி இருமிச் சாகிறாள். அடித்தேன். ஒன்றில் ஒருத்திக்குப் பைத்தியம். ஒன்றில் மனந்திருந்திப் புருஷனிடம் போகிறாள், அதற்கு வயலின் வேறு வாசிக்கிறார்கள்! இன்னும் சிலவற்றில் இருவருமே இரத்தம் குடிக்கிற பேய்கள். பேய்களைக் கொண்டுபோய் மலர் அக்காவிடம் கொடுக்க முடியுமா?

ஐரோப்பாக்காரன் எல்லாவற்றையும் துணிந்து காட்டுவான் என்று நாங்கள் சொல்லிக்கொண்டு திரிகிறோம். காட்டுகிறான்தான். இந்தப் பெண்களைக் காதலிக்க விடுகிறான். வயசாகத்தான் விடுவதில்லை. இத்தனை படம் பார்த்தும், ஒரு தாய் கேட்கும்வரை இது என் கண்ணில் படவே இல்லை.

பாட்டு பரவாயில்லை. பாட்டு மூன்று நிமிஷம்தான், சாக நேரமில்லை.

பாட்டு என்றதும் பாரிஸில் நான் வேலை செய்த லாண்ட்ரி ஞாபகம் வந்து, இருந்த நித்திரையும் போய்விட்டது. ஹோட்டல் படுக்கை விரிப்புகள் அயர்ன் பண்ணும் வேலை. எனக்குப் பக்கத்து மேசை பிரிஜித். சின்ன ரேப் ரெக்கோடரில் எந்நேரமும் ஒரு பாட்டுக்காரி, தடித்த குரல். எதிர்வீட்டுப் பெண் பல்கனியில் உடுப்புக் காயப்போட வருவதற்காகக் காலையிலிருந்து காத்திருக்கும் பாட்டு ஒன்று. எனக்குப் பிரெஞ்சு விளங்கத் தொடங்கிய காலம். நான் எனக்கே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன்: எங்கள் பக்திப் பாட்டுகளில் ஆண்கள் பெண்ணாக மாறி உருகவில்லையா? இவள் ஓர் ஆணாக மாறிப் பாடுகிறாள்!

இதைப் பெருமையோடு பிரிஜித்திடம் சொன்னேன். அவள் அயர்னைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அவள் தனக்காகத்தான் பாடுகிறாள். ஒரு காலத்தில் புருஷன் இருந்தான், பிறகு ஒரு காதலி. இரண்டும் உண்மைதான். என்னைப்போல" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

நான் என்ன செய்தேன்? அடுத்த நாள் சூப்பர்வைசரிடம் கேட்டு மேசையை மாற்றிக்கொண்டேன். யன்னல் காற்று ஒத்துவரவில்லை என்று சாட்டு. பிரிஜித் வழமைபோல பொன்ஜூர் சொன்னாள். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆக, 'தோழிகள்' என்று நான் எழுதியது முதல் கோழைத்தனம் இல்லை.

திங்கட்கிழமை ஒஃபிசில் இருப்புக் கொள்ளவில்லை. செவ்வாய் வேலை முடிந்து நேரே டவுன்ரவுணில் ஒரு பெரிய வீடியோ கடைக்குப் போனேன். 'ஐரோப்பா' என்று போட்ட தட்டுக்கு முன்னால் நின்று நாலு முறை நடந்தேன். கடைசியில் கவுன்ரரில் நின்ற மொட்டைத்தலைப் பெண்ணிடம் காதுக்குள் சொல்வதுபோலக் கேட்டேன். அவள் கடை முழுக்கக் கேட்கும்படி, "ஓ, பெண்கள் பெண்களைக் காதலிக்கிற படங்களா? நிறைய இருக்கிறதே!" என்றாள். நான் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டேன். ஸ்காபரோத் தமிழர் யாரும் அங்கே நிற்க மாட்டார்கள் என்று தெரிந்தும்தான்!

"ஒருவரும் சாகாத படம் வேண்டும்" என்றேன்.

முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஒரு டசின் கசெற்றை எடுத்து அடுக்கினாள், ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்ப வைத்தாள். மிஞ்சியது இரண்டு. "இதில் கடைசியில் நாய் சாகும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

புதன்கிழமை பிக்கரிங்குக்கு ஃபோன் அடித்தால் மகனின் குரலில் மெஷின். அதில் என்ன மெசேஜ் விடுவது? 'அம்மா கேட்ட படம் ரெடி' என்றா? வைத்துவிட்டேன். வியாழன் மறுபடியும் மெஷின். ஞாயிறு நெருங்குகிறது. பேர்த்டே பார்ட்டியில் மச்சாள் கேக்கை வெட்டுமுன் வாயைத் திறப்பதுபோலவே எனக்குத் தெரிகிறது. ரிவி பார்க்க முடியவில்லை, சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், "ஆரின்ரையோ பிள்ளைக்காக நீர் ஏன் உலாவுறீர்?" என்று கேட்டார். யாருடைய பிள்ளைக்காக உலாவினேன் என்று எனக்கே தெரியவில்லை. என் மகளுக்குப் பதினான்கு வயது.

வெள்ளி பின்னேரம் ஃபோன். மலர் அக்கா.

"கசெற் வேண்டாம், தங்கச்சி. நான் போயிற்று வந்திட்டன்."

என் பட்டியலுக்கெல்லாம் அவர் காத்திருக்கவில்லை. மேல்விலாசத் துண்டை ஆட்களுக்குக் காட்டிக் காட்டி சப்வேயில் போய் இறங்கியிருக்கிறார்.

"மரியாதான் கதவைத் திறந்தவள். சுதா வேலையால வர இன்னும் ஒரு மணித்தியாலம். அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. ரெண்டு பேரும் கதிரையில இருந்து ஆளை ஆள் பாத்துக்கொண்டு இருந்தம். பிறகு அவள் எழும்பிப் போய்ச் சமைச்சாள். சோறு, உருளைக்கிழங்கு, சொதி. எங்கட தேங்காய்ப்பால் சொதிதான், சுதா பழக்கி வைச்சிருக்கிறாள்."

"சுதா வந்தவுடனை என்ன சொன்னீங்கள்?"

"ஒண்டும் வாயில வரேல்லை. என்னைக் கண்டதும் அவளுக்கு முகம் வெளிறிப் போச்சுது. ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ எண்டு கேட்டாள். இல்லை, இரு, சாப்பிடுவமெண்டன். சோத்தைப் பிசையிறாளே ஒழிய வாயில வைக்கிறாள் இல்லை. நான் சொதியை விட்டு ஒரு வாய் வைச்சன்..."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஐயோ, திரைஞ்சு போச்சுது, தங்கச்சி! அடுப்பில கொதிக்கேக்கையே தேசிக்காய்ப் புளியை விட்டிருக்கிறாள். எனக்கு வாய் தன்ரபாட்டில வந்திட்டுது. சுதா, உவளுக்குச் சொல்லு, சொதியை இறக்கினாப் பிறகுதான் புளி விடவேணும், நான் இல்லாத காலத்திலயும் உவள்தானே உனக்குச் சமைச்சுத் தரப்போறாள் எண்டு சொன்னன்."

"சுதா?"

"கோப்பையிலையே கண்ணீர் விழ விழ அழுறாள். மரியா பாவம், பயந்துபோய் என்ன என்ன எண்டு கேக்கிறாள். சொதிக்கு இவ்வளவு அழுகையோ எண்டு நினைச்சிருப்பாள்."

ஃபோனுக்கு இந்தப் பக்கம் நானும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? மச்சாளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "அவ கதைக்கட்டும். மகனுக்கு நானே இண்டைக்குச் சொல்லப்போறன், அவன் குதிப்பான். குதிக்கட்டும்" என்றார். அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இதை எழுதலாமா என்று கேட்டேன். பெயர்களை மாற்றி எழுதச் சொன்னார். சுதாவிடமும் ஃபோனில் கேட்டேன். "இட்ஸ் ஓகே அன்ரி. ஃப்ரெண்ட்ஸ் எண்டு மட்டும் திரும்ப எழுதாதீங்கோ, ப்ளீஸ்."

எழுதவில்லை, சுதா.

வைக்கப்போகும் நேரத்தில் மலர் அக்கா மறுபடியும் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, அந்தச் சொதி விஷயத்தையும் மறக்காமல் போடும். சுதா வாசிச்சுச் சொல்லட்டும், உவள் இனியாவது பழகட்டும்."

மருமகள் வைத்த சொதி இன்னும் செமிக்கவில்லை. அதற்குள் மாமியார் பேப்பரில் குறை எழுதுவிக்கத் தொடங்கிவிட்டார்!