மாவு மில்காரர் கேட்ட இலவசம்

பில் போடும் மென்பொருள் விற்கும் தேனி கம்பெனியில் அப்போது எனக்கு வேலை. கடைக்காரர்களுக்கு ஏதாவது இலவசமாகக் கொடுத்து, விளம்பர மெசேஜ் அனுப்பச் சம்மதம் கேட்டு, செல் நம்பர் வாங்க வேண்டும். கம்பம் சாலையில் அலைந்து கால் ஓய்ந்திருந்தது. அன்று ஒரு நம்பராவது கிடைக்காவிட்டால் வேலை போய்விடும்.

உத்தமபாளையத்து மாவு மில்காரருக்குப் புருவம்வரை மாவு. பேச்சின் நடுவே விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். மின்வெட்டுக் காலம் அது. டைரி, ஒரு நாள் பயிற்சி, ஒரு மாத மென்பொருள் என்று என் பட்டியலை வாசித்தேன்.

“டைரில என்னத்த எழுத? அரைச்சேன், கரண்டு போச்சுன்னா?” என்றார்.

“வேற என்னண்ணே வேணும்?”

“கரண்டு எப்பப் போகும்னு முன்னாடியே மெசேஜ் போடுவியா தாயி? பொம்பளையாளுக சொமந்து வந்து சும்மா திரும்புறாக.”

முடியாது என்று தெரிந்தும், “கேட்டுப் பாக்குறேண்ணே” என்றேன். உடனே நம்பரை எழுதிக் கொடுத்தார். என் வேலை தப்பியது.

மறு மாதம் அந்த வழியாகப் போனபோது அவரே கூப்பிட்டார். “மெசேஜ் வாரப்பல்லாம் கையத் தொடச்சுட்டு ஓடிப்போய்ப் பாக்குறேன். எல்லாம் கம்ப்யூட்டர் விளம்பரமால்ல இருக்கு?”

நிறுத்தச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் தாயி. என்னைக்காச்சும் அதுவும் வரும்ல?” என்றார்.

கேலி செய்தாரா, உண்மையிலேயே நம்பினாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.