மூன்று தட்டில் ஒரு பேர்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே நாலு ஏக்கர் நெல் வயல் வைத்திருந்தவர் மயிலப்பன். அவர் மனைவி ராசம்மாள், கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் புருஷன் பேரை ஒருதடவைகூட வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பினாள். பேர் மட்டுமா? வயலில் இறங்கிக் கதிரைத் தின்னும் மயிலுக்கும் அதே கதிதான். "தோகைக்காரன் வந்துட்டானுங்க, ஓட்டுங்க!" என்றுதான் கத்துவாள்.

"ஆரு வந்தது? பேரச் சொல்லு புள்ள" என்று மயிலப்பன் வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பார்.

அவர் மண்டைக்குள் கட்டி வரும்வரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, கதிர்வீச்சுக் கரண்டு வைத்து அனுப்பினார்கள். உயிர் மிஞ்சியது, பேச்சு போய்விட்டது. வலது கையும் வழங்கவில்லை. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது, அதுதான் கொடுமை. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை ஒரே மாதிரி ஆடியது. தாகமா, வலியா, முதுகில் எறும்பா? ராசம்மாள் சொம்பைக் காட்டி, தலையணையைக் காட்டிக் கண்டுபிடிப்பதற்குள் இருவரும் அழுதிருப்பார்கள்.

புதன்கிழமைதோறும் தீராத நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் பாலியேட்டிவ் வண்டியில் ஜிஸ்மி வருவாள். பாட்டால் சிகிச்சை தருகிற தொடுபுழைக்காரி. தமிழில் பாதி மலையாளம் கலந்து பேசுவாள்.

"அம்மா, பேச்சு வர்ற வழி வேற, பாட்டு வர்ற வழி வேற. அவரோட பேரை மூணா முறிச்சு, ராகம் போட்டு விளிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் இடது கையில ஒரு தட்டு. நான் வாரத்துல ஒரு நாள் வந்து போறவ. கூடவே இருக்கிற நீங்க தினமும் பாடினா அவரும் திரும்பப் பாடுவார். அதைப் பிடிச்சு மத்த வார்த்தை வரும்."

ராசம்மாள் தலையாட்டினாள். வண்டி கிளம்பியதும் அவர் கையைத் தட்டி, அதே ராகத்தில், "ஏ… னுங்… க" என்று பாடினாள். ஊரில் எல்லாப் பெண்டாட்டியும் எல்லாப் புருஷனையும் கூப்பிடுகிற சொல்லுக்கு அவர் எதற்குத் திரும்பிப் பார்க்கவேண்டும்? வெறுமனே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த புதனன்று ஜிஸ்மி கேட்டபோது, "பாடீட்டுத்தானுங்க இருக்கறேன், வரமாட்டீங்குது" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

இப்படியே ஏழு புதன்கிழமை போனது. எட்டாவது வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. இன்னும் ஒரு மாசம் தாங்கினால் பெரிசு என்று மகள் யோகப்பிரியாவிடம் டாக்டர் சொன்னது ராசம்மாள் காதிலும் விழுந்தது. எந்த ஆயுசுக்காக வாயைக் கட்டியிருந்தாளோ, அந்த ஆயுசே முடியப்போகிறது.

வீட்டுக்கு வந்ததும் அவர் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தட்டாகத் தட்டினாள்.

"மயி… லப்… பன்."

அவர் சட்டென்று திரும்பினார். மறுபடி பாடினாள். பத்துப் பன்னிரண்டு தடவை பாடியிருப்பாள். அவர் உதடு கூடியது.

"மயி… லப்… பன்." கரகரத்தாலும் அவருடைய குரலேதான். பிறகு அதே ராகத்தில், "தண்… ணி… தா."

சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தார். ஒரு வாய்த் தண்ணீர் கேட்க இந்த மனுஷனை ஏழு வாரம் காக்கவைத்தது நோயில்லை, நான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அவருக்குக் கோபமில்லை. மறுநாள் அவள் கையை அவரே தட்டி, "பேர… சொல்… லு" என்று பாடினார். வாயோரம் பழைய வம்புச் சிரிப்பு. அவள் பாடினாள். நாளொன்றுக்கு நூறு தடவை பாடினாள். பத்தொன்பது நாள்தான் கிடைத்தது.

காரியம் முடிந்து மரணத்தைப் பதிய பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார்கள். "இறந்தவர் பேரு?" என்றார் எழுத்தர். வழக்கம்போல யோகப்பிரியா வாயைத் திறந்தாள். ராசம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சும்மா சொல்ல அவளுக்கு வரவில்லை. மேசைமேல் விரல் தட்டியது, ராகத்தோடுதான் வந்தது.

"மயி… லப்… பன்."

எழுத்தரின் பேனா நின்றது. ராசம்மாள் தட்டிய விரலை எடுக்காமல், தினமும் செய்ததுபோல, அவர் திரும்பப் பாடுவதற்காகக் காத்திருந்தாள்.